ஆஸ்பத்திரியில் தீ: அடிக்கடி வரும் கேள்விகளும் ஒரு மெயின்டனன்ஸ் ஆளின் பதில்களும்

தென் மாவட்டத் தனியார் மருத்துவமனைகளில் இருபது வருடத்துக்கு மேலாக மின்சாரம், கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். எங்காவது ஒரு ஆஸ்பத்திரி எரிந்தால் ஒரு வாரத்துக்கு போன் அடித்துக்கொண்டே இருக்கும். சிஸ்டர்கள், சின்ன நர்சிங் ஹோம் முதலாளிகள், நோயாளிக்குத் துணையாகத் தங்குகிறவர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தியேட்டரிலும் ஜவுளிக்கடையிலும்தான் தீப்பிடிக்கிறது. ஆஸ்பத்திரித் தீ மட்டும் ஏன் இத்தனை உயிரைக் குடிக்கிறது?

ஜவுளிக்கடையில் "தீ!" என்று கத்தினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். ஐ.சி.யூ.வில் கத்தினால் யார் ஓடுவது? வென்டிலேட்டரில் ஒருவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து தொடையில் எடை தொங்கவிட்டபடி ஒருவர், மயக்கம் தெளியாமல் ஒருவர். ஒரு படுக்கையை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். ராத்திரி ஷிப்டில் ஒரு வார்டுக்கு இரண்டு சிஸ்டர், ஒரு ஆயாம்மா இருந்தாலே பெரிய விஷயம்.

அடுத்தது புகை. சாவு பெரும்பாலும் நெருப்புச் சுட்டு வருவதில்லை, புகையில் மூச்சுத் திணறித்தான் வருகிறது. ரெக்சின் உறை போட்ட ஃபோம் மெத்தை, வயரின் பி.வி.சி., பிளாஸ்டிக் திரை இவையெல்லாம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், ஃபோமிலிருந்து சயனைடு வாயுவும் வரும். நுரையீரல் ஏற்கெனவே பாதி செயலிழந்த நோயாளிக்கு இரண்டு நிமிடமே அதிகம்.

பெரும்பாலும் எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

"மின்கசிவு" என்று மறுநாள் பேப்பரில் வரும். அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல். என்னமோ மின்சாரம் தானாக ஒழுகிவந்து கொளுத்திவிட்ட மாதிரி இருக்கிறது. கசிவு என்று சொல்வதில் பாதி உண்மையில் லூஸ் கனெக்‌ஷன். எம்.சி.பி.யின் (லோடு கூடினால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச்) ஸ்க்ரூவில் வயர் சரியாக இறுகாமல் இருக்கும், அல்லது வயர் நுனிக்கு லக் என்ற உலோக முனை வைத்து நசுக்கி இறுக்காமல் வயரை முறுக்கித் திணித்திருப்பார்கள். அந்த இடத்தில் மின்னோட்டத்துக்குத் தடை கூடி, சூடேறி, இன்சுலேஷன் இளகி, ஒருநாள் பொறி வரும். எம்.சி.பி. இதைக் கண்டுபிடிக்காது. மின்னோட்டம் அளவுக்குள்தானே இருக்கிறது, அது ஏன் ட்ரிப் ஆக வேண்டும்?

ஒருநாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ஐ.சி.யூ. சிஸ்டர் போன் செய்தார். "சார், ஒரு மாதிரி கருவாட்டு வாடை வருது. ஆயாம்மா அட்டெண்டர்களையெல்லாம் திட்டிக்கிட்டு இருக்காங்க, யாரோ கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு." நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சூடேறின ஸ்விட்ச், பிளக் பிளாஸ்டிக்குக்கு அப்படித்தான் மீன் கருகின வாடை வரும். போய் டிபி பாக்ஸை (வார்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) திறந்தால், ஏ.சி. லைனின் நியூட்ரல் ஸ்க்ரூ ஒன்று முக்கால் சுற்று லூஸ். வயரின் கறுப்பு உறை அரை அங்குலத்துக்குக் கரிந்து, பக்கத்து வயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட ஸ்க்ரூடிரைவர் வேலை. அந்த பாக்ஸுக்கு நேர் கீழே, கைக்கு எட்டும் தூரத்தில், சானிடைசர் கேன் இரண்டு அடுக்கியிருந்தார்கள்.

ஏ.சி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐ.சி.யூ.விலும் பச்சைக்குழந்தை வார்டிலும் பல இடங்களில் மாட்டியிருப்பது வீட்டுக்கு வாங்குகிற அதே ஸ்பிளிட் ஏ.சி.தான். வீட்டில் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடும். இங்கே மாதம் 720 மணி நேரமும் ஓடுகிறது. ஐ.சி.யூ.வை நிறுத்த முடியாது என்பதால் சர்வீஸும் தள்ளிக்கொண்டே போகும். 2021 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் விராரில் ஒரு கோவிட் ஐ.சி.யூ. எரிந்தபோது கைகள் நீண்டது ஏ.சி.யை நோக்கித்தான்.

கூடவே லோடு. பத்து வருடத்துக்கு முன் ஒரு படுக்கைக்கு ஒரு மானிட்டர் இருந்தது. இப்போது மானிட்டர், இரண்டு மூன்று சிரிஞ்ச் பம்ப், வென்டிலேட்டர், ஏர் பெட் மோட்டார், போதாததற்கு அட்டெண்டரின் செல்போன் சார்ஜர். சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் அதே பழைய வயர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகியிருப்பதைப் பார்த்தால், அந்த வார்டில் பிளக் பாயின்ட் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். சிஸ்டரைத் திட்டிப் பயனில்லை, பாயின்ட் போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆக்சிஜன் வெடிக்குமா?

ஆக்சிஜன் எரியாது. மற்றதை எரிய வைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அறையில் 23 சதவீதத்தைத் தாண்டினாலே துணி, முடி, மெத்தை எல்லாம் வேறு மாதிரி எரிய ஆரம்பிக்கும். ஹை ஃப்ளோ என்று மூக்கில் மாட்டும் கருவி ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தள்ளும். ஜன்னலை அடைத்து, ஸ்பிளிட் ஏ.சி. மட்டும் ஓடும் அறையில் அப்படி ஆறு பேர் படுத்திருந்தால்? ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. கோவிட் காலத்தில் அகமதாபாத், ராஜ்கோட், விரார், பரூச் என்று வரிசையாக எரிந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன்.

சிலிண்டர் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் படக்கூடாது. "இறுக்கமா இருக்கு அண்ணே" என்று தேங்காயெண்ணெய் தடவிய பையனை ஒருமுறை கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அழுத்தத்தோடு வரும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீக்குச்சியே தேவையில்லை.

பச்சைக்குழந்தை வார்டுகள் ஏன் திரும்பத் திரும்ப எரிகின்றன?

மேலே சொன்ன எல்லாம் அங்கே ஒரே அறையில் இருக்கிறது. குழந்தையைக் கதகதப்பாக வைக்க 24 மணி நேரமும் சூடேறி ஓடும் வார்மர், ஒளிச்சிகிச்சை விளக்கு, ஆக்சிஜன், கிருமி வரக்கூடாதென்று அடைத்த ஜன்னல், ஒரே ஒரு வாசல். 2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிரத்தின் பண்டாரா அரசு மருத்துவமனையில் 10 சிசுக்கள் இறந்தன. 2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரியிலும் அந்த இரவே 10 சிசுக்கள். அங்கே இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் குழந்தைகள் இருந்தன என்று செய்தி வந்தது. ஒரு வார்மருக்கான பாயின்டில் இரண்டு மூன்று கருவிகள் ஓடியிருக்கும் என்று அதைப் படித்ததுமே தோன்றியது.

அடித்தளத்தில் தீ. மூன்றாம் மாடியில் எப்படிச் சாகிறார்கள்?

2011 டிசம்பர் 9, கொல்கத்தா தாகுரியாவில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை. விடியற்காலையில் அடித்தளத்தில் தீ. வண்டி நிறுத்த வேண்டிய அந்த இடத்தைக் கிடங்காக்கி வைத்திருந்தார்கள். தீ மேலே ஏறவே இல்லை என்று சொல்லலாம். புகை ஏறியது. ஏ.சி. டக்ட் (குளிர்காற்று போகும் குழல்) வழியாகவும் கட்டடத்தின் உள் இடைவெளிகள் வழியாகவும் வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிப்புறம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. உடைத்துத்தான் ஆட்களை இறக்கினார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்களும் மீட்பில் இறங்கினார்கள். சுமார் 90 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி.

இதில் பராமரிப்பு ஆள் கற்றுக்கொள்ள வேண்டியது ஓட்டைகளைப் பற்றி. எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு ஷாஃப்ட் இருக்கும். கேபிள், தண்ணீர்க் குழாய், ஆக்சிஜன் குழாய் எல்லாம் அதன் வழியாக மாடிக்கு மாடி ஏறும். ஒவ்வொரு தளத்திலும் அந்த ஓட்டையைத் தீ தாங்கும் பூச்சு வைத்து அடைத்திருக்க வேண்டும். கட்டும்போது அடைக்கிறார்கள். பிறகு சி.சி.டி.வி.காரர் வந்து உடைத்துக் கேபிள் விடுவார், அடுத்து இன்டர்நெட்காரர் வருவார். யாரும் திரும்ப அடைப்பதில்லை. கீழ்த்தளத்தில் ஷாஃப்ட் கதவைத் திறந்து நின்று மேலே பாருங்கள். மூன்றாம் மாடி வெளிச்சம் தெரிந்தால் அதுதான் புகைபோக்கி.

சென்ட்ரல் ஏ.சி. உள்ள இடங்களில் புகை டிடெக்டர் அலறினால் காற்றைத் தள்ளும் இயந்திரமான ஏ.எச்.யூ. தானாக நிற்க வேண்டும், டக்ட்டுக்குள் இருக்கும் டேம்பர் என்ற தடுப்புத் தகடு மூட வேண்டும். கடைசியாக எப்போது இதைச் சோதித்தீர்கள் என்று உங்கள் ஏ.சி. கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

தீத்தடுப்புக் கதவு கனமாக இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் தள்ள இடைஞ்சல். திறந்தே வைத்தால் என்ன?

அந்தக் கதவுக்கு ஒரே வேலைதான், மூடியிருப்பது. மூடியிருந்தால் அந்தப் பக்கம் இருக்கும் முப்பது பேருக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கிடைக்கும். நான் பார்த்தவரை அந்தக் கதவுகள் முக்கால்வாசி நேரம் திறந்தே கிடக்கும். ஒரு இடத்தில் மரக்கட்டை, ஒரு இடத்தில் மடித்த அட்டைப்பெட்டி. ஒரு ஆஸ்பத்திரியில் தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் காட்ட. திறந்து வைத்தே ஆக வேண்டிய வழி என்றால், காந்தப் பிடிப்பான் மாட்டி அலாரத்தோடு இணைத்துவிடலாம். அலாரம் அடித்ததும் காந்தம் விடும், கதவு தானாக மூடும்.

ராத்திரி பின்வாசலைப் பூட்டாவிட்டால் திருட்டுப் போகிறதே?

உண்மைதான், திருட்டுப் போகிறது. அதற்காகப் பூட்டக்கூடாது. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்க முடியாத பார் வைத்த கதவு கடையில் கிடைக்கிறது. திறந்தால் அலறும் பஸ்ஸர் அதைவிட மலிவு. பூட்டும் சங்கிலியும் என்ன செய்யும் என்பது தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் இறந்தார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பின்வாசல் கொலாப்சிபிள் கேட்டின் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். பயிற்சி நாளில் அவரைத் தேடினோம். டீக்கடையில் இருந்தார். வர ஏழு நிமிடம்.

அவசரத்துக்கு லிப்ட்டில் இறங்கலாமா?

கூடாது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு சிகிச்சை மருத்துவமனையில் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உட்பட குறைந்தது 6 பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. கால் உடைந்தவர்கள் இருக்கும் இடத்தில் லிப்டைத்தானே நாடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கரன்ட் போனால் லிப்ட் நடுவில் நிற்கும், அதன் கிணறு புகையை இழுக்கும். தீயணைப்பு வீரர்களுக்கென்று தனி மின்வழியோடு அமைத்த லிப்ட் வேறு, அதை இயக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அப்படியானால் நடக்க முடியாதவர்களை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் கீழே இறக்காதீர்கள், பக்கவாட்டில் நகர்த்துங்கள். அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுக் கதவை மூடிவிட்டால் பெரும்பாலும் போதும். ஆஸ்பத்திரிக் கட்டடங்களை அப்படித்தான் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டச் சொல்கிறது 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வராந்தா 2.4 மீட்டர் அகலம் இருக்கச் சொல்வதும் இரண்டு கட்டில்கள் எதிரெதிரே கடக்கத்தான். அந்த வராந்தாவில் வரிசையாக பீரோவும் பழைய கட்டிலும் போட்டால் கணக்கு முடிந்தது.

யாரை முதலில் எடுப்பது? தீக்கு மிக அருகில் இருப்பவரை. பிறகு நடக்கக்கூடியவர்கள், அவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். அடுத்து வீல்சேர், கடைசியாகப் படுத்த படுக்கைக்காரர்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் ஒரு படுக்கைக்காரரை நகர்த்தும் நேரத்தில் பத்துப் பேர் நடந்து போய்விடுவார்கள், வழியும் காலியாகும். ஸ்ட்ரெச்சர் கிடைக்காவிட்டால் பெட்ஷீட்டோடு தரையில் இறக்கி, தலைப் பக்கம் பிடித்து இழுங்கள். தரையோடு புகை குறைவு, ஒரே ஆள் இழுத்துவிடலாம். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஆம்பு பேக், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. அது ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் தொங்க வேண்டும், ஸ்டோரில் பூட்டியிருக்கக்கூடாது.

ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும். கரித்தூளை அது கொஞ்சம் தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. துணியை நம்பி நிற்காமல் குனிந்து, தவழ்ந்து வெளியேறுங்கள்.

ஆக்சிஜன் வால்வை யார் மூட வேண்டும்?

ஒவ்வொரு வார்டுக்கும் வெளியே சுவரில் கண்ணாடி போட்ட சின்னப் பெட்டிக்குள் ஒரு வால்வு இருக்கும். அதைத் தொட எல்லோருக்கும் பயம். மூடினால் நோயாளி செத்துவிடுவாரோ, மூடாவிட்டால் தீ பெருகுமோ. இந்தத் தவிப்பிலேயே நிமிடங்கள் போகும். பெயர் போட்டு எழுதி வையுங்கள்: ஷிப்ட் இன்சார்ஜ் சிஸ்டர், டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு மூடுவார். அதற்குள் ஆக்சிஜனில் இருப்பவர்களைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றியிருக்க வேண்டும். எந்த வால்வு எந்த வார்டுக்கு என்று பெட்டியில் பெரிய எழுத்தில், தமிழில், இருக்கட்டும். ஒரு இடத்தில் வார்டை மாற்றி ஐந்து வருடம் ஆகியும் வால்வுப் பெட்டியில் பழைய பெயரே இருந்தது.

சுவரில் சிவப்பு சிலிண்டர் இருக்கிறதே, போதாதா?

குப்பைத்தொட்டி அளவு தீக்குப் போதும். ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் ஏறக்குறைய கால் நிமிடம்தான் பீய்ச்சும். பின்னை உருவி, அடியைக் குறிவைத்து, அழுத்தி, இடமும் வலமும் வீச வேண்டும். உங்களுக்குப் பின்னால் வாசல் இருக்கட்டும். மின்பெட்டிக்கு கார்பன் டை ஆக்சைடு. அதன் கூம்புக் குழாயை வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் சாதாரண இரும்பு சிலிண்டரைக் கொண்டே போகாதீர்கள், காந்தம் பிடுங்கிக்கொள்ளும். அங்கே காந்தத்தில் ஒட்டாத சிலிண்டர் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை முள் பச்சையில் நிற்கிறதா, பின் இருக்கிறதா, முன்னால் யாராவது வீல்சேரை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எங்களிடம் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், தீயணைக்கும் தண்ணீர்க் குழாயான ஹைட்ரன்ட் எல்லாமே இருக்கிறது.

பம்ப் ரூமுக்குப் போய் ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

நான் சேர்ந்த ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்தது 'மேன்வல்', அதாவது யாராவது போய் இயக்கினால்தான் பம்ப் ஓடும். ஏன் என்று விசாரித்தால், எங்கோ நிலத்தடிக் குழாயில் சின்ன ஒழுக்கு. அதனால் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஜாக்கி பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பும். ராத்திரி ஆபரேட்டருக்குத் தூக்கம் கெட்டது, திருப்பி வைத்துவிட்டார். ஒழுக்கைச் சரிசெய்ய யாரிடமும் சொல்லவில்லை. டீசல் பம்ப்பின் பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆயிற்றோ தெரியாது. மேலே மாடிகளில் ஸ்பிரிங்க்ளர்கள் பளபளவென்று இருந்தன, இரண்டுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்பிரிங்க்ளரின் வாயை அடைத்திருக்கும் கண்ணாடிக் குமிழ் சூட்டில் உடைந்தால்தான் தண்ணீர் வரும், பெயின்ட் படிந்தால் அது உரிய சூட்டில் உடையாது. சிவப்புக் குமிழ் உடைவது 68 டிகிரியில். ஒன்று உடைந்தால் சினிமாவில் வருவது போல எல்லாம் பொழியாது, சூடு பட்டது மட்டும் பொழியும். எனவே கருவி நனைந்துவிடும் என்று பயந்து வால்வை மூடி வைக்க வேண்டாம்.

ஓதம், ஒழுக்கு இதற்கெல்லாம் தீயோடு என்ன சம்பந்தம்?

நிறைய. மேல்மாடி பாத்ரூம் ஒழுகினால் தண்ணீர் ஸ்லாப்பிலேயே நிற்காது. மின்சாரக் குழாய் கிடைத்தால் அதற்குள் இறங்கி, அது போய்ச் சேரும் டிபி பாக்ஸில் சொட்டும். செம்பு பச்சை பிடிக்கும், ஸ்க்ரூ துருவேறும், கனெக்‌ஷன் லூஸாகும். மழைக்காலம் முடிந்த பிறகுதான் எனக்கு டிபி பாக்ஸ் கோளாறுகள் அதிகம் வந்திருக்கின்றன. சன்ஷேடில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவதும், எலி நுழையும் கேபிள் ஓட்டையை அடைப்பதும் என் கணக்கில் தீத்தடுப்பு வேலைதான்.

ஆபரேஷன் தியேட்டரில் தீ எப்படி வருகிறது?

ஸ்பிரிட் கலந்த மருந்தைத் தோலில் தடவிவிட்டு அது காய்வதற்குள் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) வைப்பதால் வருவது. குறைந்தது மூன்று நிமிடம் காயவிடுங்கள், துணியில் தேங்கியதை எடுத்துவிடுங்கள்.

தீயணைப்புத் துறையிடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிவிட்டோம். இன்னும் என்ன?

ஆய்வுக்கு வந்த நாளில் உங்கள் கட்டடம் எப்படி இருந்தது என்பதை அந்தச் சான்று சொல்லும். மறுவாரம் படிக்கட்டுக்கு அடியில் மெத்தை அடுக்கியது அதற்குத் தெரியாது. ராஜ்கோட் கோவிட் மருத்துவமனைத் தீக்குப் பிறகு 2020 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு கோவிட் மருத்துவமனைக்கும் தீப்பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பு அதிகாரியை மாநிலங்கள் நியமிக்க வேண்டும், மாவட்டக் குழுக்கள் மாதம் ஒருமுறையாவது தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோவிட் போய்விட்டது. அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரியை நான் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவேன்.

சின்ன நர்சிங் ஹோம், பட்ஜெட் இல்லை. இந்த வாரம் எதைச் செய்வது?

ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, ஒவ்வொரு டிபி பாக்ஸாக ஆஃப் செய்து எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். டங் டெஸ்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஏ.சி. லைன்களின் ஆம்பியரை எழுதி வாங்குங்கள். படிக்கட்டையும் பின்வாசலையும் காலி செய்யுங்கள். அதே நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, சொல்லாமல் போய், ராத்திரி சிஸ்டரிடம் "இந்தப் பக்கம் தீ என்றால் எந்தப் பக்கம் போவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பயிற்சியைப் பகலில் நிர்வாக இயக்குநர் முன்னால் நடத்தினால் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

துணைக்குத் தங்குகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

சேர்ந்த அன்றே படிக்கட்டு எங்கே என்று ஒருமுறை நடந்து பாருங்கள். பின்வழி பூட்டியிருந்தால் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் கொசுவத்தி, சாமி படத்துக்கு ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் வேண்டாம். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். புகை தெரிந்தால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு 101 அல்லது 112-க்கு நீங்களே அடியுங்கள். "ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லியிருப்பாங்க" என்று இருக்காதீர்கள், அவர்களும் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம், கருவாட்டு வாடை வந்தால் யாருடைய டிபன் கேரியரையும் திறந்து பார்க்க வேண்டாம், மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்கள்.